ஒரு சாண் செடியின் நிழல்

மொட்டப்பாறைக் காலனியின் மேல் அந்த நிழல் வந்து விழுந்தபோது வெள்ளத்தாய் குனிந்த தலை நிமிராமல் வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். சித்திரை வெயில் பாறையைத் தோசைக்கல்லாக்கி வைத்திருந்த முற்பகல் நேரம் அது. விரித்த வேட்டியின் மேல் அரிசிக்கூழ் வட்டம் வட்டமாக விழ, விழுந்த கையோடு ஓரம் காய்ந்து சுருங்க, அவள் முறுக்குக்குழலை அழுத்தி அழுத்தி நகர்ந்துகொண்டே போனாள். முதுகில் சுட்டுக்கொண்டிருந்தது சட்டென்று சுடாமல் போனது. மேகம் போலிருக்கிறது, நாலு வட்டம் பிழிவதற்குள் கலைந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் வேட்டியின் மேல் விழுந்த நிழலில் நரம்பு ஓடியது. விசிறி மாதிரி விரிந்து நுனியில் ஈர்க்கு ஈர்க்காகப் பிளந்த ஓர் இலையின் நிழல், வேட்டியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுச் சுவரில் ஏறி மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் அப்பால் போயிருந்தது. அது தொடங்கிய இடத்தைத் தேடிக்கொண்டு அவள் கண் வந்த வழியே திரும்பியது. வந்து நின்ற இடம் தன் வீட்டு வாசலில் அவளே அடுக்கி வைத்த கற்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்ற ஒரு சாண் உயரச் செடி.

"இது என்னத்துக்கு இம்புட்டுப் பெருசா விழுது" என்று சொல்லிக்கொண்டே வெள்ளத்தாய் வேட்டியை இழுத்துத் தள்ளிப் போட்டாள். அங்கேயும் நிழல்தான்.

அந்தக் காலனிக்கு அதுவரை நிழல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருந்ததில்லை. அணைத் தண்ணீருக்குள் ஊர் போன சனங்களுக்கு வீடு கட்டிக்கொடுக்க அரசாங்கம் இடம் தேடியபோது, யாரும் பாத்தியம் கொண்டாடாமல் கிடந்தது இந்தப் பாறை ஒன்றுதான். அதன் முதுகில் வரிசையாக வீடுகளைக் கட்டி, சாவியைக் கொடுத்து, கைதட்டிவிட்டுப் போனார்கள். வேப்பங்கன்று வைக்கக் குழி தோண்டினால் கடப்பாரை டங்கென்று துள்ளிக் கையைத்தான் பதம் பார்த்தது. வருஷா வருஷம் மரம் நடுகிறோம் என்று கன்றுகள் வந்தன, கம்பிக்கூண்டுகள் வந்தன, போட்டோ எடுத்தார்கள். ஆனி பிறப்பதற்குள் கன்று போய்க் கூண்டு மட்டும் மிஞ்சியது. மிஞ்சிய கூண்டுகளில் சனங்கள் கோழி அடைத்தார்கள். வெயில் காலத்தில் குழாயடிக்குப் போகிற பெண்கள் செருப்புப் போட்டும் குதித்துக் குதித்துத்தான் போனார்கள்.

அந்த வெயிலை வைத்துப் பிழைக்க வழி கண்டவள் வெள்ளத்தாய் ஒருத்திதான். புருஷன் சன்னாசி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, வெறும் கையோடு நின்ற வாசலில் அவள் முதன்முதலாக ஒரு வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் போட்டாள். மற்ற ஊர்களில் இரண்டு நாள் காய்கிற வத்தல் மொட்டப்பாறையில் மேலே சூரியனும் கீழே பாறையுமாக இரண்டு பக்கமும் வெந்து, பொழுது சாய்வதற்குள் சலசலவென்று காய்ந்தது. ஒரே நாளில் காய்ந்ததால் புளிப்பு ஏறவில்லை; எண்ணெயில் போட்டால் பூவாகப் பொரிந்தது. சந்தை வியாபாரி மாடசாமி அண்ணாச்சி மற்றவர்கள் வத்தலைக் கிள்ளிப் பார்த்து வாங்குவார். வெள்ளத்தாய் மூட்டையை மட்டும் தூக்கி வண்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். சன்னாசியின் தங்கை குருவம்மா. சின்ன வயதிலேயே அவள் தோலில் வெண்படை இறங்கி, முகத்தில், கழுத்தில், இரண்டு கைகளிலும் தேசப்படம் மாதிரிப் பரவியிருந்தது. வெண்மையான இடத்தில் வெயில் பட்டால் கொப்புளித்துவிடும். அதனால் விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, விறகு எடுத்து, விடிந்ததும் கதவுக்குள் போய்விடுவாள். கூழ் கிண்டுவது, மாவு அரைப்பது, காய்ந்ததைச் சலித்துக் கட்டுவது எல்லாம் உள்ளே இருந்தபடியே. அந்தி சாய்ந்ததும் வெளியே வந்து, அன்றைக்குத் தெருவில் என்னென்ன நடந்தது என்று மதினியிடம் கேட்பாள். வெள்ளத்தாய்க்கு வளவளவென்று பேச வராது. "என்னத்த நடக்கும், வெயிலடிச்சுச்சு" என்பாள்.

ஆடி அமாவாசைக்கு மட்டும் குருவம்மா இருட்டோடு முதல் பஸ்ஸில் ஏறி மேற்கு மலைக் கோயிலுக்குப் போவாள். காட்டுப் பாதை நெடுக மரங்கள் மேலே மூடியிருக்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்குப் பகல். அப்படிப் போன ஒரு வருஷம், பாறை வெடிப்பிலிருந்து இந்தச் செடியை வேரோடு எடுத்து ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"மயில்சிகைன்னு சொன்னாக மதினி. பூக்காது, காய்க்காது. ஆனா எந்நேரமும் பச்சையா இருக்குமாம்."

"பூக்காம காய்க்காம என்னத்துக்கு அது?"

"பாக்கிறதுக்குத்தான்" என்றாள் குருவம்மா.

கொண்டுவந்தவள் அதை மல்லிகைக்குச் செய்கிற மாதிரியே செய்தாள். மண்சட்டியில் எரு போட்டு நட்டு, குடத்தடியில் குளிர்ச்சியாக வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். செடி மஞ்சள் பூத்து, தண்டு அழுகி, தலையைத் தொங்கப்போட்டது. பார்க்கச் சகிக்காமல் வெள்ளத்தாய் ஒருநாள் சட்டியோடு தூக்கி, வீடு கட்டினவர்கள் வாசலில் விட்டுப்போன கல்குவியலில் கொட்டிவிட்டாள். நல்ல உச்சிவெயில். கொட்டியது இரண்டு கல்லுக்கு நடுவே விழுந்து, அங்கேயே கிடந்தது. சில நாள் கழித்து அவள் வேட்டி உதறப் போனபோது, அழுகியது போக எஞ்சிய துண்டிலிருந்து ஒரு தளிர், குழந்தையின் மூடிய கைவிரல் மாதிரிச் சுருண்டு, வெயிலைப் பார்த்து எழும்பியிருந்தது.

அன்றிலிருந்து, நாத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வெள்ளத்தாய் கல் அடுக்க ஆரம்பித்தாள். வேர் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், தலை வெயிலில் இருக்க வேண்டும் என்பதைச் செடியே அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. பட்டையான கல்லை மேற்கே சாய்த்து வைத்தால் பிற்பகல் சூடு வேரில் இறங்கவில்லை. வெடிப்பில் மண்ணை அடைத்தால் செடி முகம் சுளித்தது. உடைகல்லும் கைப்பிடி மக்கிய சருகும் போட்டால் தெளிந்தது. தண்ணீரை இலையில் தெளிக்காமல் கல்லின் மேல் ஊற்றினால், கல் குடித்துவிட்டு மிச்சத்தைச் செடிக்குக் கொடுத்தது. ஊற்ற மறந்தால் இலையெல்லாம் முஷ்டி மாதிரி மடங்கிக்கொள்ளும். ஒரு செம்பு தண்ணீருக்குத் திரும்ப விரியும். காய்ந்தாலும் பச்சை போகாது. மலையடிவாரத்துக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டுப் பாசி படிந்த கல், வரியோடிய கல், துளைவிழுந்த கல் என்று வரவழைத்துச் செடியைச் சுற்றி வைத்தாள். "வெள்ளத்தாயி கல்லுக்குத் தோட்டம் போடுறா" என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வத்தல் காய்கிற நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கு ஒரு பச்சை இருந்தது; அது போதும் அவளுக்கு.

அந்தச் செடிதான் இப்போது காலனி முழுவதற்கும் நிழல் போட்டுக்கொண்டு நின்றது.

நிழலுக்கு முதலில் வந்தவை ஆடுகள். அவை யாரையும் கேட்கவில்லை. வந்தன, படுத்தன, அசைபோட்டன. ஆடுகளைத் தேடி வந்தவர்கள் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். மறுநாள் கயிற்றுக்கட்டில்கள் வந்தன. அதற்கு மறுநாள் டைலர் சீனிராஜ், வீட்டுக்குள் வெந்துகொண்டிருந்த தன் மிஷினை இரண்டு பேர் உதவியோடு தூக்கிவந்து தெருநடுவில் போட்டுத் தைக்கத் தொடங்கினான். டவுன் பஸ் டிரைவர் வண்டியை அந்த நிழலில் நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தலைவைத்து ஒரு கண் தூங்கிவிட்டுத்தான் கிளம்பினார். பிரயாணிகளும் அவரை எழுப்பவில்லை, அவர்களும் தூங்கினார்கள். காலையில் நிழல் மேற்கே நீளும், மாலையில் கிழக்கே நீளும், உச்சிப்பொழுதில் மற்ற நிழல்கள் எல்லாம் காலடிக்குள் ஒடுங்கும்போது இது மட்டும் நாலாபக்கமும் விரிந்து பாறை முழுவதையும் மூடிக்கொள்ளும். அதற்குத் தக்கபடி சனங்கள் கட்டில்களை நகர்த்தக் கற்றுக்கொண்டார்கள். செடியும் அதைச் சுற்றிய கற்களும் மட்டும் எந்நேரமும் பளீரென்ற வெயிலில் நின்றன.

காலனியில் வாழ்க்கை அந்த இலையின் மேல் குடியேறியது. "நடுஈர்க்குல மூணாவது வீடு" என்று விலாசம் சொன்னார்கள். இலையின் நுனிப்பக்கம் காற்று அதிகம் என்று அங்கே இடம் பிடிக்கக் கொஞ்ச நாள் சண்டை நடந்தது; பிறகு பச்சைக் குழந்தைக்காரிகளுக்கு நுனி என்று தானாக வழக்கமானது. பகலில் மின்விசிறிகள் ஓய்ந்தன. உச்சிவெயிலில் பெண் பார்க்க வந்தவர்கள் வியர்க்காத முகங்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். செடியிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் பல வீடுகளில் கொண்டுபோய் நட்டார்கள். சிலது பிழைத்தது, பிழைத்ததெல்லாம் உள்ளங்கையளவு நிழல்தான் போட்டது.

வனத்துறையிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். செடியை அளந்தார், பிறகு நிழலை அளக்கத் தொடங்கினார். நடந்து நடந்து காலனியின் அந்தக் கடைசிக்குப் போனவர், அங்கே யாரோ போட்டுக்கொடுத்த கட்டிலில் படுத்துச் சாயங்காலம்தான் எழுந்தார். பஞ்சாயத்துத் தலைவி ராஜகனி கூட்டம் போட்டு, செடி வெள்ளத்தாய்க்குச் சொந்தம், நிழல் விழுகிற தெரு பஞ்சாயத்துக்குச் சொந்தம், ஆகையால் நிழல் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் போட்டாள். எல்லோரும் சரியென்று சொன்னார்கள். வெள்ளத்தாய் கூட்டத்துக்குப் போகவில்லை. அவள் காயாத வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

குருவம்மா வெளியே வந்த நாள் எது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள். பிறகு வாசற்படியில் ஒரு கால் வைத்தாள். நிழலில் கையை நீட்டி, புறங்கையைத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், வெறுங்காலோடு, தெருநடுவே குழாயடிக்கு நடந்து போனாள். திரும்பி வந்து குடத்தை இறக்கிவைத்துவிட்டு, இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் அண்டா நிறைந்தது, பானைகள் நிறைந்தன. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பிடித்துக் கொடுத்தாள். அவளுக்கு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு இருந்தது. அது அத்தனை வருஷமும் நாலு சுவருக்குள் கிடந்திருக்கிறது. இப்போது மாலையில் மதினிக்கு அவள்தான் தெருக்கதை சொன்னாள்.

"டைலர் மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு மதினி. கடைசி வீட்டு ஆடு ரெட்டைக்குட்டி போட்டுருக்கு. பஸ் டிரைவரு இருக்காருல்ல, அவரு தூக்கத்துல பாட்டுப் பாடுறாரு."

வெள்ளத்தாய் கேட்டுக்கொண்டே கையிலிருந்த வத்தலை ஒடித்துப் பார்ப்பாள். அது ஒடியாது, வளையும்.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். காலையில் செடிக்குக் கிழக்கே விரித்தாள், காய்வதற்குள் நிழல் அங்கேயும் பரந்துவிட்டது. மாடியில் காயப்போட்டாள், நிழல் மாடியிலும் ஏறியிருந்தது. செடியடியில் வெயில் விழுந்த இடம் ஒரு முறம் அகலம்கூடத் தேறவில்லை. பாறை முடிகிற இடத்துக்கு அப்பால், நிழலின் விளிம்பைக் கடந்து, கொதிக்கிற கூழ்ப்பானையைச் சும்மாட்டில் வைத்துச் சுமந்துபோய் மண்தரையில் விரித்தாள். ஒரு லாரி போனது, வத்தல் முழுக்கப் புழுதி. நாய் மிதித்தது. புழுதியில்லாமல் தப்பியதும் அடிச்சூடு இல்லாமல் இரண்டு நாள் காய்ந்து, புளித்து, ஓரத்தில் பூசணம் பூத்தது. மாடசாமி அண்ணாச்சி மூட்டையை அவிழ்த்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டார்.

"என்ன தாயி, கை மாறிப்போச்சா?"

"வெயில் மாறிப்போச்சு அண்ணாச்சி."

அவர் நிழலைப் பார்த்தார், அதில் தூங்குகிற சனங்களைப் பார்த்தார். மூட்டையை எடுக்காமல், "அடுத்த சந்தைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சந்தைக்கும் எடுக்கவில்லை. வீட்டில் அரிசிப்பானையின் அடி தெரிய ஆரம்பித்தது. வெள்ளத்தாய் நாத்தனாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் முதல் காரியமாகக் குடத்தைக் கீழே வைத்துவிடுவாள் என்று தெரியும். தனக்குப் பசிக்கவில்லையென்று தட்டைத் தள்ளினாள். வழியில் போகிறவர்கள் எல்லாம், "நீ நல்லாயிருக்கணும் தாயி, ஊருக்கே குளிர்ச்சி குடுத்திருக்க" என்று வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. வெள்ளத்தாய்க்குக் கர்வம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு பிற்பகல், சனங்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கட்டில் கட்டிலாகச் சாய்ந்திருந்த நேரம், வெள்ளத்தாய் உள்ளேயிருந்து கடப்பாரையை எடுத்துவந்தாள். மேற்கே சாய்த்த பட்டைக்கல்லை நெம்பித் தள்ளினாள். அடுத்த கல்லையும் தள்ளினாள். வேர் தெரிந்தது, கன்னங்கரேலென்று, முடி மாதிரி, கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. நிழல் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கத்தில் தெருவில் படுத்திருந்தவர்களின் மேல் வெயில் ஒரு பொட்டு விழுந்து விழுந்து மறைந்தது. ஒவ்வொருவராகப் புரண்டார்கள், எழுந்தார்கள்.

குடத்தோடு வந்த குருவம்மா நின்றாள்.

"என்ன மதினி செய்றீக?"

வெள்ளத்தாய் இன்னொரு கல்லை நெம்பினாள். குருவம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அரிசிப்பானையின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது; மூலையில் அடுக்கியிருந்த புளித்த வத்தல் மூட்டைகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"பிடுங்கிருங்க மதினி" என்றாள். "நான் பாத்துட்டேன்ல, எல்லாத்தையும் ஒரு தடவை நல்லாப் பாத்துட்டேன். பழையபடி உள்ள இருந்துக்கிடுறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

வெள்ளத்தாய் கடப்பாரையை ஓங்கினாள். ஓங்கிய கை மேலேயே நின்றது. நாத்தனாரின் காலைப் பார்த்தாள். செருப்பில்லாத, புழுதி படிந்த, தெருவெல்லாம் சுற்றிவந்த கால். கடப்பாரை தானாகக் கீழே இறங்கியது. நிழலுக்குள் உருண்டுகிடந்த கல்லின் மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஊரே பார்க்க அழுதாள்.

சனங்கள் சுற்றி வந்து நின்றார்கள். என்ன, ஏது என்று குருவம்மாதான் சொன்னாள். அத்தனை நாள் அந்த வத்தல் வேட்டியைத் தாண்டித்தான் எல்லோரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ராஜகனிதான் முதலில் பேசினாள்.

"ஆளுக்கொரு படி அரிசி போடுவோம் வெள்ளத்தாயிக்கு. நம்ம வீடுகள்ல ஒரு நேரம் குறைஞ்சா என்ன?"

"எனக்குச் சோறு வேணாம்" என்றாள் வெள்ளத்தாய், மூக்கைச் சிந்திவிட்டு. "எனக்கு வெயில் வேணும்."

வெயிலை எப்படிக் கொடுப்பது என்று அந்தக் காலனியில் யாரும் அதுவரை யோசித்ததில்லை. செடியை மாடியில் தூக்கி வைக்கலாம் என்றான் ஒருவன். உயரம் கூடினால் நிழலும் கூடும் என்று அவன் பெண்டாட்டியே அவனை உட்காரவைத்தாள். தண்ணீர் ஊற்றாமல் விட்டால் இலை மடங்கும், நிழலும் மடங்கும், அந்த நேரத்தில் காயப்போடலாம் என்றாள் இன்னொருத்தி; அப்படி மடங்கினால் குருவம்மாவின் கதி என்ன என்று கூட்டமே கேட்டது. பேச்சு இப்படி நாலு திசையிலும் போய்க்கொண்டிருந்தபோது, நிழலின் விளிம்பில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த டைலர் சீனிராஜின் மனைவி தட்டை உதறினாள். தட்டிலிருந்து ஒரு துண்டு வெயில் துள்ளி, தெருவெல்லாம் தாண்டி வந்து, வெள்ளத்தாயின் மடியில் விழுந்தது.

எல்லோரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள். வெள்ளத்தாய் அதில் கையை வைத்துப் பார்த்தாள். "சுடுது" என்றாள்.

மறுநாள் காலை கூழ்ப்பானை இறங்கியதும் காலனி கிளம்பியது. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தாம்பாளங்கள், பித்தளைத் தட்டுகள், இட்லிக்கொப்பரை மூடிகள், சுவரிலிருந்து கழற்றிய முகம் பார்க்கிற கண்ணாடிகள், டைலர் வீட்டு ஆளுயரக் கண்ணாடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் புளிபோட்டுத் துலக்கி எடுத்துக்கொண்டு, நிழலின் விளிம்பைக் கடந்து, வெயிலில் போய் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கு வெயிலைத் திருப்பி வெள்ளத்தாயின் வேட்டிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் எல்லோரும் ஒரே இடத்தில் குறிவைத்ததில் வேட்டி கருகி ஓட்டை விழுந்தது. பிறகு கைபழகியது. இன்னாருக்கு இன்ன மூலை என்று பிரித்துக்கொண்டார்கள். கை வலித்தால் அடுத்தவர் வந்து வாங்கிக்கொண்டார். டவுன் பஸ் டிரைவர் தூங்குகிற நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்து, வண்டியை விளிம்புக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தி, அதன் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். நிழல் வேண்டுமென்றால் வெயிலிலும் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை, நின்றார்கள். தள்ளிவிட்ட கற்களை வெள்ளத்தாய் பழையபடி நிமிர்த்தி வைத்து, வேர் தெரிந்த இடத்தில் உடைகல்லும் சருகும் போட்டு, ஒரு செம்பு தண்ணீரைக் கல்லுக்குக் கொடுத்தாள். மாடசாமி அண்ணாச்சி வந்து, ஒரு வத்தலை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

குருவம்மாவை மட்டும் யாரும் தட்டு பிடிக்கக் கூப்பிடவில்லை. அவள் நிற்கிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொண்டுபோய், விளிம்புக்கு உள்ளேயே நின்று கையை நீட்டிக் கொடுத்துவந்தாள்.

வைகாசியில் டைலர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஊரில் கல்யாணம். விடிந்ததும் பஸ் பிடித்துக் காலனியே கிளம்பிப் போனது. வெள்ளத்தாய் போகவில்லை, அவளைப் பார்த்துக் குருவம்மாவும் போகவில்லை. முந்தின நாள் அரைத்த மாவு புளிப்பதற்குள் கிண்டியாக வேண்டும். வெள்ளத்தாயே கிண்டினாள், பிழிந்தாள். பாதி பிழிந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது, பிடிக்க ஆளில்லை என்பது. தானே போய்ப் பிடிக்கலாமென்றால் பானையில் மீதிக்கூழ் ஆறிக்கொண்டிருந்தது. சரி, இன்றைக்குப் போனது போகட்டும் என்று அவள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தபோது, வேட்டியின் ஒரு மூலையில் வெளிச்சம் வந்து விழுந்தது.

நடுங்கிக்கொண்டே விழுந்தது. வெள்ளத்தாய் அது வந்த திசையில் பார்த்தாள். தூரத்தில், பாறை முடிகிற இடத்தில், நிழலுக்கு வெளியே, சன்னாசியின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தபடி குருவம்மா நின்றாள்.

"ஏ கூறுகெட்டவளே! உள்ள வா!"

குரல் அங்கே போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் அடுத்த மூலைக்கு நகர்ந்தது. வெள்ளத்தாய் குழலைப் போட்டாள். கொடியில் கிடந்த சேலையை உருவி அண்டாத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் கொள்ளாமல் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். அவளுக்கு ஓடுகிற வயது போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஈரச்சேலை காலைத் தட்டியது. தெருவில் ஆளில்லாத கட்டில்களைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். "கொப்புளிச்சிரும்டி, கொப்புளிச்சிரும்டி" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே ஓடினாள்.

விளிம்புக்கு வந்தவள் நின்றாள்.

அவள் நின்ற இடத்தில் நிழல் முடியவில்லை. மூடிய கைவிரல் போல் சுருண்டிருந்த ஒரு தளிர் அந்த நேரத்தில்தான் செடியில் விரிந்துகொண்டிருக்க வேண்டும். பெரிய நிழலிலிருந்து ஒற்றை ஈர்க்கு மட்டும் பிரிந்து, ஒரு ஆள் அகலத்துக்கு, மண்தரையின் மேல் மெல்ல நீண்டுகொண்டே போனது. குருவம்மாவின் பாதத்தில் ஏறி, முழங்காலில் ஏறி, சட்டையில் ஏறி, முகத்தை மூடி, உயர்த்திய இரண்டு கைகளின் மணிக்கட்டையும் விரல்களையும் மூடி, அங்கே நின்றது. தாம்பாளம் மட்டும் வெயிலில் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

கன்னத்தில் ஒரு இடம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். குருவம்மா தன் கைகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மதினியைப் பார்த்தாள்.

"மதினி, இங்க பாத்தீகளா..."

வெள்ளத்தாய் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றாள். தோளில் கிடந்த சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சிவந்த கன்னத்தில் ஒற்றினாள்; ஒற்றிய கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு தொலைவில் வெள்ளையாகக் கிடந்த வேட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தேன், பாத்தேன். தட்டைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி, வடக்கோரம் இன்னும் பச்சையாக் கிடக்கு" என்றாள்.